பெயரிடும் உரிமை யாருக்கு?

ஒரு பொருளை அறிந்தவர் யார்? அதனோடு நாள்தோறும் வாழ்பவரா? அன்றி, அதனைப் போன்ற பிற பொருள்களை எல்லாம் ஒருங்கே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவரா? இவ்விருவர் முடிவும் முரண்படுமாயின் எவர் சொல் நிற்க வேண்டும்? நின்ற சொல்லுக்கு உரியவர், நில்லாத சொல்லுக்கு உரியவரிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இவ்வினாக்கள் மெய்ப்பொருளியல் அறிஞர்க்கு மட்டும் உரியன அல்ல. பிறர் விடையைத் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்க்கும், திருத்தப்படுவதன் வழியே வளரும் மாணவர்க்கும் இவை அன்றாட வினாக்களே.

இத்தகைய வினாக்களை வெறும் கருத்தளவில் வைத்து ஆராய்வதினும், நடந்த நிகழ்ச்சி ஒன்றின்மேல் வைத்து ஆராய்வது தெளிவு தரும். அதற்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரவியல் வரலாற்றில் உண்டு. இங்கிலாந்தின் ஜோசப் டால்டன் ஹூக்கருக்கும், நியூசிலாந்தில் வாழ்ந்த வில்லியம் கொலென்சோவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தே அது.

ஹூக்கர் 1817இல் பிறந்தவர். அவருடைய தந்தையார் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1841இல் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநரானார். மகன் 1855இல் அங்கே துணை இயக்குநராகி, 1865 முதல் 1885 வரை இயக்குநராக விளங்கினார். டார்வினின் நெருங்கிய நண்பர். இந்தியத் தாவரங்களைப் பற்றி ஏழு தொகுதிகள் கொண்ட பெருநூல் தந்தவர். அந்நூல் மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களையும் தன்னுள் கொண்டது.

கொலென்சோ 1811இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். அச்சுத் தொழில் கற்றவர். 1834ஆம் ஆண்டின் இறுதியில் சமயத் தொண்டு நிறுவனத்தின் அச்சராக நியூசிலாந்தை அடைந்தார். மவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டு முடித்தார். பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர் அல்லர். ஆயினும் காடும் மலையும் கடந்து கால்நடையாகச் சென்ற பயணங்களில் செடிகொடிகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. தென்துருவக் கடலை ஆராயச் சென்ற எரபஸ் கப்பலில் இளம் மருத்துவராகவும் தாவரவியலாராகவும் இருந்த ஹூக்கர் 1841இல் நியூசிலாந்தின் தீவுகள் விரிகுடாவுக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். அன்று தொடங்கிய தொடர்பு அவர்கள் வாழ்நாள் முழுவதும் கடிதங்களால் நீடித்தது.

அக்காலத்தில் தாவரத்தைக் கடிதத்தின்வழி இனங்காணும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். செடியைச் சேகரிப்பவர் அதன் இலை, பூ, காய் ஆகியவற்றைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்துவார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடுவார். அதே செடியின் மற்றொரு கிளையை அதே எண்ணுடன் தம்மிடம் வைத்துக்கொள்வார். கட்டு கப்பலேறும், பல மாதங்கள் கழித்துக் கியூவை அடையும். அங்குள்ளவர் அதனைத் தம்மிடம் உள்ள உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டு, இன்ன எண்ணுக்கு இன்ன பெயர் என்று பட்டியல் எழுதுவார். அப்பட்டியல் மீண்டும் கடலைக் கடந்து வந்து சேரும். அனுப்பியவர் எண் இடுவதில் நேர்மையாக இருக்க வேண்டும். பெற்றவர் பெயர் இடுவதில் நேர்மையாக இருக்க வேண்டும். ஒருவர் பிழைத்தாலும் இருவர் உழைப்பும் வீணாகும். முகம் காணாத இருவரை ஓர் எண்ணே பிணைத்து வைத்தது. அது நம்பிக்கையின்பாற்பட்ட ஒழுங்கு எனில் மிகையாகாது.

கொலென்சோ ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கியூவுக்கு அனுப்பினார். அவற்றுட் பல அதுவரை அறிவியல் அறியாதவை. ஆயினும், புதியன என்று தாம் கருதியவற்றுக்குத் தாமே பெயரிடவும் அவர் விரும்பினார். 1840களில் டாஸ்மேனியாவில் அச்சான ஆய்விதழில் பெரணிகள் பலவற்றைப் புதிய இனங்கள் என விவரித்து வெளியிட்டார். இங்கேதான் முரண்பாடு எழுந்தது. 1854இல் ஹூக்கர் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஒப்பிட்டுப் பார்க்க உலர்தாவரத் தொகுப்பு இல்லாமையால், உலகில் மிக நன்கு அறியப்பட்ட பெரணிகள் சிலவற்றையே புதியன என்று விவரித்துவிட்டீர் என்று ஒளிவு மறைவின்றிக் குறித்தார்.

ஹூக்கரின் பக்கத்தை முதலில் நோக்குவோம். பெரணிகள் விதையால் அன்றி நுண்ணிய வித்துத் தூளால் பரவுவன. அத்தூள் காற்றில் மிதந்து கடல்களைக் கடக்க வல்லது. ஆதலின் ஒரே பெரணி பல கண்டங்களில் வளர்தல் இயல்பு. எடுத்துக்காட்டாக, ஹிஸ்டியோப்டெரிஸ் இன்சிசா என்னும் பெரணி நியூசிலாந்திலும் உண்டு. நம் தீபகற்பத்தின் மலைப்பகுதிகளிலும் உண்டு. ஓரிடத்தில் மட்டும் நின்று பார்ப்பவர்க்கு அது தம் மண்ணுக்கே உரியதாகத் தோன்றும். பல நாடுகளிலிருந்து வந்த தாள்களை ஒரே மேசைமீது பரப்பிப் பார்ப்பவர்க்கே, அவை எல்லாம் ஒன்று எனத் தெரியும். மேலும், ஒரே இனம் மண்ணுக்கும் ஈரத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப வடிவம் மாறும். மாறிய வடிவம் ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டினால் பெயர் பெருகுமேயன்றி அறிவு பெருகாது. நியூசிலாந்துத் தாவரங்களைப் பற்றிய தம் நூலின் முன்னுரையில் ஹூக்கர் இதனை விரிவாக வற்புறுத்தினார். கொலென்சோவின் புதிய இனங்களுட் பெரும்பாலானவற்றைப் பின்வந்தோரும் ஏற்கவில்லை. நியூசிலாந்திலேயே வாழ்ந்த சீஸ்மன் என்னும் தாவரவியலார் 1906இல் வெளியிட்ட நூலிலும் அவை பெரும்பாலும் முன்பே அறியப்பட்ட இனங்களுள் அடக்கப்பட்டன. ஆகவே, தூரத்து ஆதிக்கம் உள்ளூர் அறிவை நசுக்கியது என்று மட்டும் இதனைக் கூறிவிட முடியாது. ஹூக்கர் பெரும்பாலும் சரியாகவே தீர்ப்பளித்தார்.

இனிக் கொலென்சோவின் பக்கம். உலர்ந்த இலையில் இல்லாத செய்தி வாழும் செடியில் உண்டு என்பது அவர் வாதம். நியூசிலாந்தின் நார்ச்செடி இதற்குத் தக்க சான்று. அதன் இலை மூன்று மீட்டர் நீளம்வரை வளரக்கூடியது. உலர்தாவரத் தாளோ ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளமும் 27 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. தாளில் அடங்குவது செடியின் ஒரு துண்டே. அந்நாரால் பாயும் ஆடையும் கயிறும் முடைந்த மவோரி மக்கள் ஹரகேகே என்றும், வரரிக்கி என்றும் இருவகைச் செடிகளைப் பிரித்தறிந்தனர். முன்னதன் காய் நிமிர்ந்து நிற்கும். பின்னதன் காய் முறுக்கித் தொங்கும். முன்னதன் நார் வலியது. பின்னதன் நார் அத்துணை வலியது அன்று. முடையும் கைகள் கண்ட வேறுபாடு இது. இன்றைய தாவரவியலும் இவற்றை இரண்டு இனங்களாகவே கொள்கிறது.

மற்றொன்றும் கூறலாம். ஹொரோயேக்கா என்றொரு மரம் அந்நாட்டில் உண்டு. இளமையில் அது கிளையின்றி ஒரே கோலாக நிற்கும். அதன் இலைகள் ஈட்டிபோல் நீண்டு, விறைத்து, கீழ்நோக்கித் தொங்கும். பதினைந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின் அதே மரம் கிளைவிட்டுப் படரும், இலைகள் குறுகும், தோற்றம் முற்றும் மாறும். இளமரத்தையும் முதுமரத்தையும் வெவ்வேறு இனங்கள் என்றே தொடக்கக் காலத் தாவரவியலார் கருதினர். ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் காண ஒப்பீட்டு மேசை உதவாது. மரத்தின் அருகே இருபது ஆண்டுகள் வாழ்ந்த கண்ணே வேண்டும். ஆகவே ஒப்பிடுபவர் பிழைக்கும் இடமும் உண்டு. உடன் வாழ்பவர் பிழைக்கும் இடமும் உண்டு. ஒருவர்க்கு அகலம் தெரியும். மற்றவர்க்கு ஆழம் தெரியும்.

இதுவரை கூறியது அறிவைப் பற்றியது. இனிக் கூறுவதே அறத்தைப் பற்றியது. ஹூக்கரின் கடிதத்தில் ஒரு சொல் நம் உள்ளத்தை உறுத்துகிறது. தொகுப்பு இல்லாமையால் பிழைத்தீர் என்கிறார். உண்மைதான். ஆனால் கியூவின் தொகுப்பு எங்கிருந்து வந்தது? அது விண்ணிலிருந்து இறங்கியது அன்று. கொலென்சோவைப் போன்றவர்கள் ஆறு கடந்தும் பனிமலை ஏறியும் சேர்த்து, உலர்த்தி, எண்ணிட்டு அனுப்பியவற்றால் நிறைந்தது. கொடுத்தவர் பலரும் தத்தம் நாட்டில் ஒரு சில மாதிரிகளோடு நின்றார்கள். பெற்ற இடம் ஒன்றே உலகம் முழுவதையும் ஒப்பிடும் ஆற்றல் பெற்றது. கியூவில் இன்று ஏறத்தாழ 70 இலட்சம் உலர்தாவர மாதிரிகள் உள்ளன. எந்த இல்லாமையைச் சுட்டி ஒருவர் திருத்தப்பட்டாரோ, அவ்வில்லாமை அவர் சோம்பலால் விளைந்தது அன்று. அறிவு ஓரிடத்தில் குவியுமாறு வகுக்கப்பட்ட ஏற்பாட்டின் விளைவு அது. அவ்வேற்பாட்டுக்கு அவரும் தம் கையால் உதவியவர்.

அக்கடிதம் எழுதப்பட்ட காலத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1852இல் கொலென்சோ ஒழுக்கக் குற்றத்தின் காரணமாகச் சமயப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். குடும்பமும் பிரிந்தது. அவர் குற்றத்தை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், எல்லாம் இழந்த ஒருவர்க்குத் தாம் கண்ட செடிகளே எஞ்சிய பெருமையாக இருந்திருக்கலாம் என்று எண்ணுவது மனித இயல்பு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அறிவியலில் இரக்கத்துக்கு இடம் ஏது? அனுப்பியவர் வருந்துவார் என்று எண்ணி, இல்லாத இனத்தை உண்டு எனலாமா? கூடாது. அவ்வாறு கூறியிருந்தால் அது கொலென்சோவுக்குச் செய்யும் நன்மையும் ஆகாது. பொய்ப் பெயர் ஒருநாள் உதிர்ந்தே தீரும். உதிரும்போது அதனை இட்டவரின் புகழையும் உடன்கொண்டு போகும். மாணவன் மனம் நோகும் என்று அஞ்சித் தவறான விடைக்குச் சரி என்னும் குறியிடும் ஆசிரியர் அவனுக்கு அன்பு செய்தவர் ஆகார். அவனுக்கு வர வேண்டிய அறிவைத் தடுத்தவரே ஆவார். ஆதலின் தீர்ப்பு உண்மையாக இருத்தல் முதற் கடமை.

ஆனால் முதற் கடமை முழுக் கடமை ஆகாது. சரியான தீர்ப்பை அளித்துவிட்டேன், என் பொறுப்பு தீர்ந்தது என்று ஒருவர் கூறுவாரானால், அவர் ஒரு கடனை மறக்கிறார். தீர்ப்பளிக்கும் ஆற்றலைத் தமக்குத் தந்தவர் யார் என்னும் கடன் அது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். துலாக்கோல் பொருளின் எடையை உள்ளவாறு காட்டும். பொருளைச் சுமந்து வந்தவரின் தோளைப் பழிப்பதில்லை. தீர்ப்பின் உண்மை வேறு. தீர்ப்பளிப்பவரின் நன்றி வேறு. ஒன்று இருப்பதனால் மற்றொன்று வேண்டா என்று ஆகிவிடாது.

இக்கடனை ஹூக்கர் முற்றும் மறந்தவர் அல்லர் என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். நியூசிலாந்துச் செடிப் பேரினம் ஒன்றுக்குக் கொலென்சோவா என்று பெயரிட்டு நண்பரைச் சிறப்பித்தார். ராயல் சொசைட்டி என்னும் இலண்டன் அறிவியற் கழகம் 1886இல் கொலென்சோவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு ஹூக்கரும் துணைநின்றார். புதிய இனங்களை ஏற்காத அதே மனிதர், அவற்றைத் தேடிச் சென்றவரின் உழைப்பை ஏற்றார். மறுத்த பெயர்களை மறுத்தபடியே வைத்துக்கொண்டு மனிதரை உயர்த்துவது எளிய செயல் அன்று. வரலாற்றின் விளையாட்டாக, ஹூக்கர் வகுத்த கொலென்சோவா என்னும் பேரினத்தையும் இன்று அறிஞர் பலர் தனியே கொள்ளாமல் லொபீலியா என்னும் பேரினத்துள் அடக்குகின்றனர். பிறர் பெயர்களை அடக்கியவரின் பெயரும் அடங்கியது. தீர்ப்பளிப்பவர் எவர்க்கும் இறுதித் தீர்ப்பு உரியது அன்று என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

கொலென்சோவும் திருத்தத்தால் துவண்டு போனவர் அல்லர். பின்னாளில் நேப்பியர் நகரில் வாழ்ந்து, பொதுப்பணி புரிந்தார். 1870களில் பள்ளி ஆய்வாளராகவும் பணியாற்றினார். 1899இல் இறக்கும்வரை செடிகளை நோக்குவதையும் எழுதுவதையும் அவர் கைவிடவில்லை. அவரிடம் குறை உண்டு: ஒப்பீடு காட்டிய உண்மையை ஏற்பதில் கடைசிவரை தயங்கினார், 1880களிலும் புதிய இனங்கள் எனப் பலவற்றை வெளியிட்டார். திருத்துபவர்க்கு நன்றி கடமையாவது போலத் திருத்தப்படுபவர்க்குப் பொறுமை கடமையாகும். தாம் கண்டதை விட்டுக்கொடாமலும், காணாததைக் கண்டவர் சொல்லைத் தள்ளாமலும் நிற்பதே அப்பொறுமை.

இக்கடன் இவ்விருவரோடு முடிவதும் இல்லை. கொலென்சோவின் பயணங்களில் மவோரி மக்கள் வழிகாட்டினர்; சுமை தூக்கினர்; செடிகளின் பெயரும் பயனும் கூறினர். கியூ தம்மை மறந்தது என்று கொலென்சோ வருந்தியிருப்பின், அவர்க்கு உதவியோரும் அவரை நோக்கி அவ்வாறே கேட்கக் கூடும். நம் நாட்டு வரலாற்றிலும் இதே சங்கிலி நீள்கிறது. ஹூக்கர் இயக்குநராக இருந்த 1876ஆம் ஆண்டில் விக்ஹம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொணர்ந்தார். மறு ஆண்டு அங்கிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பால் தரும் மரங்கள் பல. அவற்றுள் எது எம்மரம் எனப் பிரித்தறிந்து, நம் மண்ணுக்கு ஏற்றதைக் கண்டது தாவரவியல். அம்மரத்தின் நிழலில்தான் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால் வெட்டினர். விக்ஹம் 1920இல் சர் பட்டம் பெற்றார். விதை பொறுக்கித் தந்த அமேசான் பகுதி மக்களுக்குப் பட்டம் இல்லை. மரத்தைக் காத்து வளர்த்த தோட்டப்புறத் தொழிலாளர்க்கும் இல்லை. செடியின் பெயரை அறிய அறிவு வேண்டும். அப்பெயருக்குப் பின்னால் நிற்கும் மனிதரை அறிய அறம் வேண்டும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். ஆசிரியர் கையில் விடைத்தாள் இருக்கிறது. நெஞ்சில் நூற்றுக்கணக்கான மாணவரைக் கண்ட அனுபவம் இருக்கிறது. அதுவே அவருடைய ஒப்பீட்டுத் தொகுப்பு. மாணவன் கொணர்வதோ ஒரே ஓர் இலை: தன் வீட்டிலும் தன் தெருவிலும் தான் கண்ட ஒன்று. அது புதியது என்று அவன் துள்ளி வருகிறான். அது பழையது என்று ஆசிரியர் அறிவார். பழையது என்று கூறத்தான் வேண்டும். ஆயின், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பது ஒன்று; "இது முன்பே இன்னார் கண்டது, ஆயினும் நீ உன் கண்ணால் கண்டாய்" என்று கூறுவது மற்றொன்று. இரண்டிலும் தீர்ப்பு ஒன்றே. முன்னதைக் கேட்ட பிள்ளை அடுத்த இலையைக் கொண்டு வரமாட்டான்.

நூலகம் இல்லாத இடத்தில் வளர்ந்த பிள்ளையிடம் நூலறிவு இல்லையே என்று குறை கூறுமுன், அவ்வில்லாமை அவனால் விளைந்ததா, நம் ஏற்பாட்டால் விளைந்ததா என்று ஒருகணம் எண்ணுதல் வேண்டும். மேலும், ஹொரோயேக்கா மரத்தை இளமையில் மட்டும் கண்டு வேறோர் இனம் என முடிவு செய்தவரைப் போல, ஒன்பது வயதுப் பிள்ளையின் ஓராண்டு மதிப்பெண்ணைக் கண்டு அவன் இன்ன வகையினன் என்று பெயரிட்டுவிடுகிறோம். அப்பெயர் அவன் தோளில் பல ஆண்டுகள் தொங்கும். அவன் கிளைவிடும் காலத்தில் அருகே இருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குப் பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஆதலின் பெயரிடுவதில் தயக்கம் நமக்கு அழகு.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். பெயரிடும் உரிமை, அகன்ற ஒப்பீட்டால் உண்மையை நிறுவ வல்லார்க்கு உண்டு. அதனை உணர்ச்சியின் பொருட்டு விட்டுக்கொடுத்தல் கூடாது. ஆனால் அவ்வுரிமை பிறர் கொடுத்தவற்றால் ஆனது. ஆகவே அது கடனோடு கூடிய உரிமை. காரணம் காட்டித் திருத்துதல், கொணர்ந்தவரை மதித்தல், தம் தீர்ப்பும் ஒருநாள் திருத்தப்படலாம் என்று ஏற்றல் ஆகிய மூன்றும் அக்கடனின் கூறுகள். இம்மூன்றையும் செலுத்தும் ஆசிரியரிடம் மாணவர் மீண்டும் மீண்டும் இலைகளைக் கொண்டு வருவர். அவற்றுட் பல முன்பே அறிந்தனவாக இருக்கும். என்றேனும் ஒன்று உண்மையிலேயே புதியதாக இருக்கக் கூடும். அதைக் காணும் பேறு, கதவைத் திறந்து வைத்த ஆசிரியர்க்கே வாய்க்கும்.